படிகநிலை ஒளிப் பலபடியாக்கல்

கரிமச் சேர்மம் ஒன்றின் படிகத்தில் ஒளி படும்போது, அதன் மூலக்கூறுகள் உருகாமலும் கரையாமலும் இருந்த இடத்திலேயே அண்டை மூலக்கூறுகளுடன் பிணைந்து நீண்ட சங்கிலியாவதே படிகநிலை ஒளிப் பலபடியாக்கல். கரைசலில் மூலக்கூறுகள் அலைந்து மோதி வினைபுரிகின்றன. படிகத்தில் அதற்கு இடமில்லை. எது எதனுடன் சேரும் என்பதை அவை அடுக்கப்பட்டுள்ள விதமே முடிவு செய்கிறது.

ஒளியால் படிகம் மாறுவது பற்றிய பழைய பதிவுகளில் முதன்மையாகச் சொல்லப்படுவது 1834-ஆம் ஆண்டினது. குடற்புழு மருந்தான சான்டோனினின் நிறமற்ற படிகங்கள் வெயிலில் மஞ்சளாகி வெடிப்பதை ஜெர்மனியின் டிரோம்ஸ்டார்ஃப் குறித்துவைத்தார். அது பலபடியாக்கல் அன்று. ஆயினும் இத்துறையின் வரலாறு வழக்கமாக அங்கிருந்தே தொடங்குகிறது. 1880-களில் அடால்ஃப் ஃபான் பேயரின் ஆய்வகத்தில் டைஅசெட்டிலீன் சேர்மங்கள் ஒளியில் நிறம் மாறுவது தெரியவந்தது. காரணம் அப்போது புலப்படவில்லை. 1918-ஐ ஒட்டி கோல்ஷுட்டர், திடப்பொருளில் வினையின் போக்கு அது நிகழும் இடத்தைப் பொறுத்தது என்னும் இடஞ்சார்ந்த வேதியியல் கருத்தை முன்வைத்தார்.

தெளிவு பிறந்தது 1960-களில். இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் உள்ள வைஸ்மன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் எம்.டி. கோஹனும் சின்னமிக் அமிலத்தையும் அதன் வழிப்பொருள்களையும் எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 1964-இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்தச் சேர்மங்கள் மூன்று விதமாகப் படிகமாகின்றன. ஆல்ஃபா வகையில் பக்கத்து மூலக்கூறுகள் தலைமாற்றிக் கிடக்கின்றன. ஒளி பட்டால் ட்ரக்ஸில்லிக் அமிலம் கிடைக்கிறது. பீட்டா வகையில் தலைகள் ஒரே பக்கம். கிடைப்பது ட்ரக்ஸினிக் அமிலம். இரண்டிலும் இரட்டைப் பிணைப்புகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 4 ஆங்ஸ்ட்ராம். காமா வகையில் அது 4.7-க்கும் மேல், எத்தனை நேரம் வெயிலில் வைத்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஒரே சேர்மம்கூட, அடுக்கு மாறினால் வேறு விளைபொருளைத் தருகிறது. இதிலிருந்து வந்ததே, வினை நிகழ இந்தத் தொலைவு 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு. இதை விதி என்பதைவிட வழிகாட்டி என்பதே பொருத்தம்: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வெங்கடேசன், ராமமூர்த்தி குழுவினர் 1985-இல் வெளியிட்ட கூமரின் ஆய்வில், 4.45 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியிலும் வினை நிகழ்ந்தது.

ஷ்மிட் கண்டது இரண்டிரண்டாகச் சேர்வதை. அதைச் சங்கிலியாக நீட்டியவர் ஜப்பானின் மசாகி ஹசெகாவா. 1967-இல் அவரது குழு எடுத்துக்கொண்ட டைஸ்டைரைல்பைரசீனில் இரு முனைகளிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஒவ்வொன்றும் அடுத்த மூலக்கூறின் பிணைப்போடு நான்கு கார்பன் வளையமாக மூடிக்கொள்ள, சங்கிலி வளர்கிறது. இங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனியே ஒளி தேவை. அலைநீளமும் முக்கியம்: 400 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளி குறுஞ்சங்கிலிகளோடு நின்றுவிடுகிறது.

1969-இல் மைன்ஸ் நகரில் கெர்ஹார்ட் வெக்னர் விளக்கிய டைஅசெட்டிலீன் வினையின் போக்கு வேறு. ஒளி தொடக்கி வைத்தால் போதும். பிறகு ஒரு மூலக்கூறின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனைப் பற்றிக்கொள்ள, சங்கிலி தானாகவே ஓடுகிறது. இதற்கு மூலக்கூறுகள் ஏறத்தாழ 4.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், அடுக்கும் அச்சுக்கு 45 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். இவ்வகையில் மிகவும் ஆராயப்பட்டது டொலுயீன்சல்ஃபோனேட் வழிப்பொருள். அதன் நிறமற்ற படிகம் முதலில் இளஞ்சிவப்பாகிறது, பின் அடர்ந்து, இறுதியில் உலோகம்போல் பொன்னொளி வீசுகிறது. இத்தனைக்கும் படிகம் உடைவதில்லை. பலபடி முழுவதும் ஒற்றைப் படிகமாகவே கிடைப்பது பலபடி வேதியியலில் மிக அரிது. இந்த வினையின் பெருமை அதுவே.

டைஅசெட்டிலீன் வினையில் வளரும் சங்கிலியின் முனை இரட்டைத் தனி உறுப்பா (டைராடிகல்), கார்பீனா என்பது நெடுநாள் விவாதிக்கப்பட்டது. குறுஞ்சங்கிலியில் முன்னதும் நீளும்போது பின்னதும் அமைவதாகத் தாழ்வெப்பநிலை ஆய்வுகள் காட்டுகின்றன. டைஅசெட்டிலீன்களின் நீலநிறப் பலபடி சூடேறும்போது சிவப்பாவதற்குப் பக்கத் தொகுதிகளின் அசைவு காரணம் எனப் பொதுவாகக் கருதப்பட்டாலும், விவரங்களில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

1990-களில் ஒசாகாவில் மாட்சுமோட்டோ மியூகானேட் எஸ்டர்களிலும், 2012-இல் சூரிச்சில் ஷ்லூட்டர், சகமோட்டோ குழு இருபரிமாணத் தாள்களிலும் இம்முறையைக் கையாண்டனர்.

பயன்பாடுகளில் டைஅசெட்டிலீன்களே முன்னிற்கின்றன. புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் கதிரளவைச் சரிபார்க்கும் படலங்கள் இவற்றால் நீலமாகின்றன. போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் 1996 முதல் ஒட்டப்படும் வெப்பக் காட்டியிலும் இதே வகைச் சேர்மம் உள்ளது. அங்கே வினையைத் தூண்டுவது ஒளியன்று, வெப்பம். காட்டியில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.