முதலாமிடம் யாருக்கு? இண்டி ரொக் அல்பங்களின் தரவரிசைச் சண்டை

உலகின் மிகச் சிறந்த இண்டி ரொக் அல்பம் எது என்று கேட்டால், மேற்கில் இசை கேட்கிற இரண்டு பேர் விடியும் வரை சண்டை பிடிப்பார்கள். நமக்கு அது தூரத்துச் சண்டை. ஆனால் தவணைக்குத் தவணை வகுப்பில் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று வரிசை போட்டுக் கொடுக்கிற ஆசிரியர்களாகிய எங்களுக்கு, ஒரு வரிசை எப்படி உண்டாகிறது என்பதில் அக்கறை இருக்கத்தான் வேண்டும். அந்த வரிசையைப் பார்த்துப் பிள்ளையை அணைக்கிற, அல்லது ஏசுகிற பெற்றோருக்கும்தான். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் இந்த 'இண்டி' என்ற சொல். இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம் அது. ஆரம்பத்தில் அது ஓர் இசைப் பாணியின் பெயரே இல்லை. இசைத்தட்டை யார் அச்சடித்தார்கள், யார் கடைக்கு அனுப்பினார்கள் என்ற வியாபாரக் கணக்கு. ஈ.எம்.ஐ. போன்ற சில பெரிய கம்பனிகளின் கையில் பிரித்தானிய இசைச் சந்தை இருந்த காலம். 1977 ஜனவரியில் மன்செஸ்டரின் பஸ்கொக்ஸ் குழு, தெரிந்தவர்களிடம் 500 பவுண் கடன் வாங்கி, நாலு பாட்டுகள் கொண்ட 'ஸ்பைரல் ஸ்கிரட்ச்' என்ற தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் அடித்தது 1000 பிரதிகள். கடைசியில் 16,000 விற்றது. பெரிய கம்பனியின் வாசலில் காத்துக் கிடக்கத் தேவையில்லை என்று அந்த ஒரு தட்டு எத்தனையோ இளைஞர்களுக்குக் காட்டிவிட்டது.

அச்சடித்தால் மட்டும் போதுமா? கடைக்குப் போய்ச் சேர வேண்டுமே! லண்டனில் ஜெப் ட்ரவிஸ் என்பவர் 1976இல் 'றஃப் ட்ரேட்' என்று ஒரு தட்டுக் கடை திறந்தார். 1978இல் அதே பெயரில் வெளியீட்டு நிறுவனமும் வந்தது. பிறகு பல ஊர்களின் சின்னக் கடைகள் கூட்டுச் சேர்ந்து, 'கார்டெல்' என்ற பெயரில் ஒருவர் தட்டை மற்றவர் விநியோகிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. எங்களைக் கேட்டால் இந்தக் கதையின் உண்மையான கதாநாயகர்கள் கிட்டார் வாசித்தவர்கள் இல்லை, பெட்டி சுமந்தவர்கள்தான். ஆனால் பெட்டி சுமந்தவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

1980 ஜனவரியில் 'றெக்கோர்ட் பிஸ்னஸ்' என்ற வியாபாரச் சஞ்சிகை முதலாவது இண்டி விற்பனை அட்டவணையை வெளியிட்டது. செரி றெட் நிறுவனத்தின் இயன் மக்னே சொன்ன யோசனை அது. விதி ஒன்றே ஒன்று: பெரிய கம்பனிகளின் விநியோகம் இல்லாமல் கடைக்கு வந்திருக்க வேண்டும். விதி நேர்மையானதுதான், ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். சில வருடங்களில் கைலி மினோக்கின் துள்ளல் பாட்டுகள் இண்டி அட்டவணையின் உச்சிக்கு வந்துவிட்டன, ஏனென்றால் அவரது கம்பனியும் சுயாதீனமாகத்தான் விநியோகித்தது! அதேநேரம், கரகரத்த கிட்டாரோடு பெரிய கம்பனியில் பாடியவருக்கு அதில் இடமில்லை. 'இண்டி' என்பது வியாபாரமா, பாணியா என்ற குழப்பம் அன்று தொடங்கியது. இன்றைக்கும் தீரவில்லை.

விற்பனை வரிசை என்றால் எண்ணிப் பார்க்கலாம். பிரித்தானியாவின் முதலாவது பாட்டு அட்டவணை 1952 நவம்பரில் வந்தது. என்.எம்.ஈ. பத்திரிகையில் வேலை செய்த பெர்சி டிக்கின்ஸ், ஏறத்தாழ 20 கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து எது கூட விற்றது என்று கேட்டு எழுதினார். அவ்வளவுதான். எளிமையான வேலை, சரி பிழை பார்க்கக் கூடிய வேலை. ஆனால் 'கூட விற்றது' வேறு, 'சிறந்தது' வேறு. சிறந்ததை எந்தக் கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது?

அதே என்.எம்.ஈ. எழுத்தாளர்கள் வாக்களித்துப் போட்ட 'எக்காலத்துக்கும் சிறந்த அல்பம்' பட்டியல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1974இல் முதலிடம் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்'. 1985இல் மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்'. 1993இல் பீச் போய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்'. 2003இல் ஸ்டோன் றோசஸின் முதல் அல்பம். 2013இல் ஸ்மித்ஸின் 'த குயீன் இஸ் டெட்'. ஒரே பத்திரிகை, ஐந்து பட்டியல், ஐந்து முதலாம் பிள்ளைகள்! தட்டுகள் மாறவில்லை. 1967இல் பதிந்தது 1967இல் பதிந்தபடியேதான் இருக்கிறது. மாறியது வாக்களித்த கை. 1986இல் 'த குயீன் இஸ் டெட்' வந்தபோது பதின்ம வயதில் இருந்தவர்கள் 2013இல் நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். தன் பதினாறு வயதில் கேட்ட பாட்டைவிட உயர்ந்த பாட்டு உலகத்தில் யாருக்குத்தான் இருக்கிறது?

இன்னொன்று. அந்த ஐந்து முதலிடங்களும் ஆண்களுக்கே போயின.

அமெரிக்காவில் பிட்ச்போர்க் என்ற இசை விமர்சன வெளியீடு 1990களின் சிறந்த அல்பங்களை 1999இல் வரிசைப்படுத்தியது. முதலிடம் மை பிளடி வலன்டைன் குழுவின் 'லவ்லஸ்'. நாலு வருடம் கழித்து 2003இல் அதே பத்தாண்டை மறுபடி வரிசைப்படுத்தியது. இப்போது றேடியோஹெட்டின் 'ஓகே கொம்பியூட்டர்' முதலிடம், 'லவ்லஸ்' இரண்டாமிடம். நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற குழுவின் 1998 அல்பம், முதல் பட்டியலில் 85ஆவதாகக் கிடந்தது, 4ஆம் இடத்துக்குத் தாவியது. நாலு வருடத்தில் ஒரு பிள்ளை 85இலிருந்து 4க்கு வந்தால் நாம் விசாரணை வைத்துவிடுவோம்! இங்கே பிள்ளை மறுபடி பரீட்சை எழுதவே இல்லை. 1980களின் பட்டியலிலும் இதே கதைதான். 2002இல் சொனிக் யூத்தின் 'டேட்றீம் நேஷன்' முதலிடம், 2018இல் பிரின்ஸின் 'பேர்ப்பிள் றெய்ன்'. கிட்டார் இசைக்கு மட்டும் கூடுதல் புள்ளி போட்டு வந்த ஆசிரியர்கள் மாறி, கறுப்பின இசையையும் சமமாக நிறுக்கத் தெரிந்தவர்கள் வந்ததன் அடையாளம் அது என்றே நாங்கள் நினைக்கிறோம். தாமதமானாலும் நல்ல திருத்தம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஓகே கொம்பியூட்டர்' வெளிவந்தது ஈ.எம்.ஐ. குடும்பத்து நிறுவனத்தில். 1980இன் கணக்குப்படி அது இண்டியே இல்லை. இருந்தும் இண்டி பட்டியல்கள் பலவற்றில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்மித்ஸ்கூட கடைசியில் ஈ.எம்.ஐ.யோடு ஒப்பந்தம் செய்தார்கள், ஆனால் அங்கே ஓர் அல்பமும் பதியாமலே 1987இல் பிரிந்துபோனார்கள்.

'லவ்லஸ்' கதை இன்னும் கசப்பு. கிரியேஷன் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட தட்டு அது. இரண்டு வருடத்துக்கு மேலாக, பத்தொன்பது ஒலிப்பதிவுக் கூடங்கள் ஏறி இறங்கி, 1991 நவம்பரில் வெளிவந்தது. செலவு 250,000 பவுண், நிறுவனமே முறியப் பார்த்தது என்று பேசினார்கள். அது மிகைக் கணக்கு என்று குழுத் தலைவர் கெவின் ஷீல்ட்ஸ் மறுத்தார். எது எப்படியோ, பிரித்தானிய அட்டவணையில் அது 24ஆம் இடத்துக்கு மேலே போகவில்லை. அடுத்த வருடமே கிரியேஷனின் 49 வீதப் பங்கு சோனிக்குக் கைமாறியது. பெட்டி சுமந்தவர்களின் நிலையும் அந்தக் காலத்தில்தான் கவிழ்ந்தது. றஃப் ட்ரேட்டின் விநியோகப் பிரிவு 1991இல் முறிந்தது. 1992இல் மன்செஸ்டரின் ஃபக்டறி நிறுவனமும் வங்குரோத்தானது. தட்டுகள் பட்டியலில் ஏறிக்கொண்டிருக்க, அவற்றைப் பெற்றெடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன.

வாக்கைக் கூட்டுகிற முறையையும் சொல்லத்தான் வேண்டும், கணக்கு ஆசிரியர்கள் ரசிப்பீர்கள். நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் றொபர்ட் கிறிஸ்ட்கோ நடத்திய வருடாந்த வாக்கெடுப்பில், ஒரு விமர்சகருக்கு 100 புள்ளி. அதை 10 அல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு 30க்கு மேலும் கூடாது, 5க்குக் குறையவும் கூடாது. சரி, 30 பேர் 'பரவாயில்லை' என்று 5 புள்ளி கொடுத்தால் 150. 5 பேர் உயிரையே விட்டு 30 புள்ளி கொடுத்தாலும் 150. இரண்டும் ஒரே இடம்! எல்லாரும் மெல்லத் தலையாட்டுகிற பாட்டும், சிலர் அழுதுகொண்டே கேட்கிற பாட்டும் சமமா? கூட்டுத்தொகைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வகுப்பிலும், எல்லாப் பாடத்திலும் 65 எடுக்கிற பிள்ளை, ஒரே பாடத்தில் 98 எடுத்து மற்றதில் தடுமாறுகிற பிள்ளைக்கு மேலே நிற்கும். யார் கெட்டிக்காரர் என்று வரிசை சொல்வதில்லை.

கடைசியாக, வரிசைக்கு வெளியே கிடந்த ஒரு தட்டு. ஆனா த சில்வா, ஜீனா பேர்ச் என்ற இரண்டு ஓவியக் கல்லூரி மாணவிகள் 1977இல் லண்டனில் ஆரம்பித்த குழு றெயின்கோட்ஸ். 1979இல் றஃப் ட்ரேட் அவர்களது முதல் அல்பத்தை வெளியிட்டது. பாடியது, வாசித்தது எல்லாம் பெண்கள். 1984இல் குழு கலைந்தது, தட்டும் கடைகளில் கிடைக்காமல் போனது. 1992இல் நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேன், அப்போது உலகத்திலேயே பேசப்பட்ட பாடகர், தன்னிடமிருந்த தேய்ந்த பிரதிக்குப் பதிலாக ஒன்று தேடி லண்டன் றஃப் ட்ரேட் கடைக்கு வந்தார். கடையில் இருந்தவர், ஆனா பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார், போய்க் கேளுங்கள் என்று வழி காட்டினார். கோபேன் தேடிப் போனார். பிறகு தன் குழுவின் தொகுப்பொன்றின் உறையில் இந்தக் கதையை எழுதினார். அதன் பின் றெயின்கோட்ஸின் அல்பங்கள் மறுபடி அச்சேறின, குழுவும் மறுபடி கூடியது. 1994இல் நிர்வாணாவோடு பிரித்தானியாவில் ஒரே மேடையில் வாசிக்க அவர்களுக்கு அழைப்பும் வந்தது. அந்த ஏப்ரலில் கோபேன் இறந்துபோனார், பயணம் நடக்கவில்லை. தட்டு மட்டும் இன்றும் விற்பனையில் இருக்கிறது.