குடியாத்தத்துக்கு வந்த கடல் உப்பு

குடியாத்தத்திலிருந்து கடற்கரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனாலும் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளை ஒட்டிய வயல்களைக் கோடையில் பார்த்தவர்கள், உப்பளத்து வரப்பைப் போல மண்மீது வெள்ளை பூத்துக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். கடலே இல்லாத ஊரில் இத்தனை உப்பு எப்படி வந்தது? வீட்டுத் தோட்டத்தில் கடற்கரைப் பூண்டு ஒன்றை வளர்க்க நினைப்பவர் முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க உப்பைத் தடவி அடுக்குகிறார்கள். 20 கிலோ எடையுள்ள பச்சைத் தோலுக்கு 6 முதல் 8 கிலோ உப்பு செல்லும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், பின்னர் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. தொலைதூரச் சந்தைகளின் தோல்களும் உப்புப் பூச்சோடு இங்கு வந்து இறங்கின. ஆலையில் முதல் வேலை என்ன தெரியுமா? தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது! கழுநீர் ஓடைக்குப் போயிற்று. ஓடை பாலாற்றுக்குப் போயிற்று. மீதி கிணறுகளில் இறங்கியது.

அக்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பதனிடும் சரக்குகள். 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். அவர் முதலில் மனத்தில் கொண்டது செருப்பை அல்ல. கவலை இறைக்கும் தோல் சாலை. குரோமியத் தோல் தண்ணீரில் எளிதில் அழுகாது. கிணற்று நீரை மேலே கொண்டுவரப் பிறந்த அந்த முறை, பிற்பாடு கிணற்று நீரையே கெடுத்த கதையில் பங்கு பெற்றது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை 1970-களில் அரசு கட்டுப்படுத்தவே, முழுதும் முடித்த தோலும் அதனுடன் குரோமியமும் பெருகின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு விவரம் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. கழிவுநீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் உண்டு. கரைந்த உப்பைத் தின்ன எந்த நுண்ணுயிரும் இல்லை. எனவே சாதாரணச் சுத்திகரிப்புத் தொட்டிகளைத் தாண்டியும் உப்பு வெளியே வந்துவிடுகிறது.

இனிப் பூண்டுக்கு வருவோம். பழவேற்காடு, வேதாரண்யம் போன்ற இடங்களில் உப்பங்கழி ஓரமாகப் பருப்புக்கீரையின் அண்ணனைப் போல ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். சிவந்த தண்டு, தடித்த இலை, விண்மீன் போன்ற இளஞ்சிவப்புப் பூ. இதுதான் ஓர்ப்பூடு, தாவரவியலார் செசூவியம் போர்ட்டுலாகாஸ்ட்ரம் என்பர். மற்றச் செடிகள் உப்பு மண்ணில் வாடும்போது, இது உப்பை உறிஞ்சி இலைச் செல்களின் நடுவிலுள்ள நீர்ப்பைகளில் பூட்டி வைக்கிறது. அந்த உப்பின் வலிமையாலேயே மண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உவர்நிலத்தில் ஆறு வகைச் செடிகளை வளர்த்துப் பார்த்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து உமரி 504 கிலோவும், ஓர்ப்பூடு 474 கிலோவும் சோடியம் குளோரைடை எடுக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு.

இதை உங்கள் கொல்லைக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரு சென்ட்டுக்கு நான்கு மாதத்தில் சுமார் 1.9 கிலோ. அதாவது, ஒரே ஒரு மாட்டுத் தோலில் தடவிய 6 கிலோ உப்பை எடுக்க ஒரு சென்ட் ஓர்ப்பூட்டுக்கு ஓராண்டு வேண்டும்! இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 லிட்டர் பாய்ச்சினால், பத்தே நாளில் 2 கிலோ உப்பு மண்ணுக்குத் திரும்பிவிடும். செடியைக் குறை சொல்லிப் பயனில்லை. மழைநீரைத் தேக்கி மண்ணைக் கழுவாமல் செடி மட்டும் என்ன செய்யும்?

வளர்ப்பது எளிது. ஒரு சாண் நுனித்தண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணுக்கள் மறையுமாறு மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். நல்ல வெயில் வேண்டும். நிழலில் தண்டு நீண்டு சோனியாகிவிடும். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்து, புல் முளைக்காத உவர்த் திட்டையும் பச்சையாக மூடிவிடும். புழுதி அடங்கும், வெயில் மண்ணில் நேரே விழாததால் உப்பு மேலே பூப்பதும் குறையும்.

வெட்டிய தழையை மட்டும் தோட்டத்து எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். இலை மட்கினால் உப்பு மறுபடி அதே மண்ணில்தான் சேரும். எரித்தாலும் சாம்பலில் சோடியம் இருக்கும். முற்காலத்தில் ஸ்பெயின் நாட்டார் இத்தகைய உவர்ச்செடிகளை எரித்து, அந்தச் சாம்பலைக் கண்ணாடிக்கும் சோப்புக்கும் விற்றுப் பிழைத்தார்கள். 1791-இல் பிரான்சின் லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அந்த வாணிகம் படிப்படியாகத் தேய்ந்தது.

கடற்கரையில் இதைக் கீரையாகச் சமைப்பவர்கள் உண்டு. தோல் ஆலைக் கழிவு பட்ட மண்ணில் வளர்ந்ததை நீங்கள் சமைக்க வேண்டாம்; ஆட்டுக்கும் போட வேண்டாம். உப்போடு குரோமியத்தையும் இச்செடி உறிஞ்சுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. வெட்டிய தழையைக் கொல்லைக்கு வெளியே, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில் சேர்த்து வையுங்கள்.