தோற்ற ஹெவிவெயிட்டை எப்படி எடைபோடுவது? ஃபெடோரும் என்கானுவும்

2018 ஜூலை 7, லாஸ் வேகாஸ். யு.எஃப்.சி 226 நிகழ்ச்சியில் ஒரே இரவில் இரண்டு ஹெவிவெயிட்கள் சறுக்கினார்கள். சாம்பியனாக இருந்த ஸ்டீபே மியோசிச், முதல் ரவுண்டிலேயே டேனியல் கார்மியரின் குத்தில் விழுந்து பட்டத்தை இழந்தார். அதற்கு முந்தைய சண்டையில் பிரான்சிஸ் என்கானு, டெரிக் லூயிஸிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். தோற்றதைவிட அவர் தோற்ற விதம்தான் பேச்சாகிவிட்டது. பதினைந்து நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அரங்கமே ஊளையிட்டது.

மறுநாள் வந்த தீர்ப்பு, குறிப்பாக என்கானு மீது, ரொம்பக் கடுமையாக இருந்தது. "ஆளு அவ்ளோதான், வெறும் ஊதிப் பெருக்கிய பலூன்" என்பதுதான் அதன் சாரம். யு.எஃப்.சி தலைவர் டேனா வைட்டே, என்கானுவின் தலைக்கனம்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இரண்டே முக்கால் வருடம் கழித்து, 2021 மார்ச் 27 அன்று ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதியது யார் தெரியுமா? இந்த இரண்டு பேரும்தான்!

அப்படியானால் தோற்றவனை எப்போதும் நம்பலாமா? அதுவும் இல்லை. 2010-இல் ஃபெடோர் எமெலியானென்கோ தோற்றபோது, "யானைக்கும் அடி சறுக்கும், இது விபத்து" என்று பலரும் சொன்னார்கள். அதுவும் பலிக்கவில்லை. ஒரு பக்கம் அவசரமாக முடித்துவிட்டார்கள், இன்னொரு பக்கம் முடிந்ததைப் பார்க்க மறுத்தார்கள். இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு தோல்வியை எப்படி வாசிப்பது என்று கொஞ்சம் புரிகிறது.

ஹெவிவெயிட்டில் ஏன் கணிப்பு கஷ்டம்?

எம்.எம்.ஏ பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். குத்துச்சண்டை, உதை, மல்யுத்தம், ஜூஜிட்சுப் பிடிகள் எல்லாம் ஒரே சண்டையில். ஒரு ரவுண்டு 5 நிமிடம். சாதாரண சண்டைக்கு 3 ரவுண்டு, பட்டத்துக்கு 5. ஹெவிவெயிட் என்றால் 206 பவுண்டுக்கு மேல் 265 பவுண்டு வரை, அதாவது சுமார் 93 முதல் 120 கிலோ.

இந்த எடையில் ஒழுங்காக ஒரு குத்து விழுந்தால் யாரும் விழுவார்கள். அதனால் யாருமே ரொம்ப நாள் தோற்காமல் இருப்பதில்லை. யு.எஃப்.சி-யில் ஒரே ஆட்சியில் இந்தப் பட்டத்தைத் தொடர்ந்து அதிகமுறை காத்தவர் மியோசிச், அதுவும் மூன்றே முறை. இன்னொன்று, ஒரு வீரர் வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று சண்டைதான் போடுகிறார். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நாலு இன்னிங்ஸ் சொதப்பினால் அடுத்த மாதமே நாலு இன்னிங்ஸ் பார்க்கலாம். இங்கே நாலு சண்டை பார்க்க இரண்டு வருடம் ஆகும். கையில் தகவல் குறைவு, அதனால் கடைசியாகப் பார்த்ததை வைத்தே எல்லோரும் பேசுகிறோம்.

ஃபெடோர்: பதிவேட்டில் இருந்ததும் இல்லாததும்

ஃபெடோர் 1976-இல் இன்றைய உக்ரைனின் ருபிஷ்னே நகரில் பிறந்து, ரஷ்யாவின் ஸ்தாரி ஓஸ்கோலில் வளர்ந்தவர். சாம்போவும் ஜூடோவும் அவருடைய அடிப்படை. 2003 மார்ச்சில் நொகெய்ராவை வென்று ஜப்பானின் பிரைடு அமைப்பின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 2010 ஜூன் வரை அவர் கணக்கில் 31 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

அந்த ஒரு தோல்வியே சுவாரசியமானது. 2000 டிசம்பரில் ரிங்ஸ் போட்டித் தொடரில், சுயோஷி கோசாகாவின் முழங்கை பட்டு ஃபெடோரின் நெற்றி கிழிந்தது. முழங்கையால் அடிப்பது அங்கே விதிக்குப் புறம்பு. ஆனால் நாக் அவுட் தொடரில் யாராவது ஒருவர் அடுத்த சுற்றுக்குப் போயாக வேண்டும். 17 விநாடியில் மருத்துவர் சண்டையை நிறுத்த, ஃபெடோர் தோற்றதாக எழுதப்பட்டது. இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்தத் தோல்வியிலிருந்து அவருடைய எதிர்காலத்தைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள முடியாது. ஆக, விபத்துத் தோல்வி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு.

அடுத்த தோல்வி வர ஒன்பதரை வருடம் ஆனது. 2010 ஜூன் 26, கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே. எதிரில் ஃபப்ரீசியோ வெர்டூம், உலகத்தரமான ஜூஜிட்சுக்காரர். சண்டை தொடங்கியதும் ஃபெடோரின் குத்தில் வெர்டூம் தரையில் விழுந்தார். ஃபெடோர் முடித்துவிடலாம் என்று மேலே பாய்ந்தார். வெர்டூம் கால்களால் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பூட்டினார். 69 விநாடியில் ஃபெடோர் தட்டிக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதை "விபத்து" என்றவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. 2003-இல் நொகெய்ராவுடன் மோதியபோது ஃபெடோர் இதைத்தான் செய்தார். அன்றைய ஹெவிவெயிட்களில் தரையில் மல்லாந்து கிடந்தே எதிரியைப் பூட்டுவதில் நொகெய்ராவை மிஞ்ச ஆளில்லை. அவருடைய கால்களுக்கு நடுவே துணிந்து புகுந்து குத்திக் குத்தியே ஃபெடோர் ஜெயித்தார். அப்போது மேதைமை என்று பாராட்டிய அதே துணிச்சல் இப்போது ஒருமுறை தவறிவிட்டது, அவ்வளவுதானே?

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். பழக்கம் அதேதான். ஆனால் அந்தப் பழக்கத்தைக் காப்பாற்றிய வேகம் அப்படியே இருந்ததா? அதற்கான தடயம் முந்தைய வெற்றிகளில் இருக்கிறது. 2009 ஜனவரியில் ஆந்த்ரே அர்லோவ்ஸ்கி முதல் மூன்று நிமிடம் ஃபெடோரைக் குத்துச்சண்டையில் திணறடித்தார். பிறகு அர்லோவ்ஸ்கி முழங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தபோது ஒரே வலது குத்து, ஆட்டம் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரெட் ராஜர்ஸ் மூக்கில் ரத்தம் வரவைத்தார். ஃபெடோர் இரண்டாவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார். பதிவேட்டில் இரண்டும் நாக் அவுட் வெற்றிகள். சண்டையைப் பார்த்தால் இரண்டிலும் அவர் முன்பைவிட அதிகம் அடி வாங்கியிருக்கிறார். வெற்றியை யாரும் ஆராய்வதில்லை என்பதால் இது யார் கண்ணிலும் உறைக்கவில்லை.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. 2011 பிப்ரவரியில் அன்டோனியோ சில்வா அவரைக் கீழே போட்டு அடித்ததில் ஒரு கண் மூடிக்கொண்டது. இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் மருத்துவர் நிறுத்தினார். ஜூலை 30 அன்று டான் ஹெண்டர்சன். தன்னைவிட எடை குறைந்தவர், 41-ஐத் தொடப்போகிற வயது. ஃபெடோர் அவரைக் குத்தி நிலைகுலைய வைத்தார், அவர் விழுந்ததும் மேலே பாய்ந்தார். ஹெண்டர்சன் நழுவிப் பின்னால் வந்து, அக்குள் வழியாக ஒரு குத்து விட்டார். ஃபெடோர் முகம் குப்புற விழுந்தார்.

வெர்டூம் சண்டையையும் ஹெண்டர்சன் சண்டையையும் சேர்த்துப் பாருங்க. எதிரி விழுகிறான், ஃபெடோர் யோசிக்காமல் பாய்கிறார், மாட்டிக்கொள்கிறார். 13 மாத இடைவெளியில் அதே கதை. முதல்முறை விபத்து என்று சொல்லலாம். இரண்டாவது முறை அது பழக்கம், அதுவும் 34 வயதில், பத்து வருடத்துக்கு மேல் உடம்பில் அடி வாங்கிய ஒருவரின் பழக்கம்.

என்கானு: 25 நிமிடப் பாடம்

இப்போது இன்னொரு வழக்கு. என்கானு 1986-இல் கேமரூனின் பாட்டியே கிராமத்தில் பிறந்தவர், சிறுவயதில் மணல் குவாரியில் வேலை செய்தவர். 2013-இல் பாரிஸ் வந்து சேர்ந்தபோது தங்க இடம் இல்லை. குத்துச்சண்டை கற்க வந்தவரை எம்.எம்.ஏ பக்கம் திருப்பினார்கள். அந்த வருடக் கடைசியில் முதல் தொழில்முறைச் சண்டை. 2017 டிசம்பரில் ஆலிஸ்டர் ஓவரீமை ஒரே இடது குத்தில் சாய்த்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது.

2018 ஜனவரி 20, பாஸ்டன். சாம்பியன் மியோசிச், கிளீவ்லேண்ட் பக்கத்துத் தீயணைப்பு வீரர், கல்லூரி மல்யுத்தக்காரர். முதல் ரவுண்டில் என்கானு கண்மண் தெரியாமல் வீசினார், மூச்சு வாங்கினார். அதன்பின் மியோசிச் அவரைக் கீழே சாய்ப்பதும், மேலே படுத்து எடையை ஏற்றுவதும், எழுந்தால் மறுபடி சாய்ப்பதுமாக 25 நிமிடம். மூன்று நடுவர்களும் 50-44 என்று ஒரே மாதிரி எழுதினார்கள். ஐந்து ரவுண்டும் தோல்வி, அதில் ஒன்று 10-8 என்ற மோசமான தோல்வி.

ஆனால் இப்படிப்பட்ட நீண்ட தோல்வியில் தகவல் நிறைய இருக்கும். ஒரு நிமிடத்தில் முடிகிற நாக் அவுட் அதிகம் எதையும் சொல்லாது. 2011 நவம்பரில் கெய்ன் வெலாஸ்கஸ் 64 விநாடியில் ஜூனியர் டோஸ் சாண்டோஸிடம் வீழ்ந்தார். அடுத்த இரண்டு மோதல்களிலும் அதே டோஸ் சாண்டோஸை நார் நாராகக் கிழித்தார். 2022 ஜூலையில் டாம் ஆஸ்பினால் 15 விநாடியில் முழங்கால் பிசகித் தோற்றார். அடுத்த ஆண்டே இடைக்காலப் பட்டம் அவர் கையில்.

என்கானுவின் 25 நிமிடங்களோ குறைகளைப் பட்டியலே போட்டுக் கொடுத்தன: மல்யுத்தம் தெரியவில்லை, மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்கத் தெரியவில்லை. அதோடு இன்னொன்றையும் காட்டின, பலர் கவனிக்காதது. அவ்வளவு களைத்த பிறகும், அவ்வளவு அடி வாங்கிய பிறகும், அவர் நாக் அவுட் ஆகவில்லை, எந்தப் பிடியிலும் சரணடையவில்லை. உடைந்தது திறமையின் ஒரு பகுதிதான், உடம்பு இல்லை.

ஆறு மாதம் கழித்து வந்த லூயிஸ் தோல்வியை எல்லோரும் முதல் தோல்வியின் உறுதிச்சான்றாக எடுத்துக்கொண்டார்கள். காரணம் வேறு. லூயிஸ் மல்யுத்தமே போடவில்லை. முந்தைய சண்டையின் பயத்தைச் சுமந்துகொண்டு இதற்குள் வந்துவிட்டதாக என்கானுவே பிறகு சொன்னார். வெவ்வேறு காரணத்தால் வந்த இரண்டு தோல்விகளைக் கூட்டி ஒரே கோடாக வரைந்ததுதான் கணித்தவர்களின் பிழை. மென்பொருளில் இரண்டு நாள் சர்வர் விழுந்தால், இரண்டு நாளும் ஒரே பிழைதான் என்று லாகைப் பார்க்காமலே முடிவுகட்டுவது போல.

பிறகு என்ன ஆனது? கர்டிஸ் பிளேட்ஸ் 45 விநாடி, வெலாஸ்கஸ் 26, டோஸ் சாண்டோஸ் 71, ரோசென்ஸ்ட்ரைக் 20. நான்கு வெற்றிக்கும் சேர்த்து 162 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. பயம் போய்விட்டது என்று இதிலிருந்து தெரிந்தது. மல்யுத்தமும் மூச்சும் சரியானதா என்பது தெரியவில்லை, ஏனென்றால் யாரும் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. 2021 மார்ச்சில் நேர்மையான பதில் "இன்னும் தெரியாது" என்பதுதான்.

பதில் மறுமோதலின் முதல் ரவுண்டில் வந்தது. மியோசிச் பழையபடி காலைப் பிடிக்கப் பாய்ந்தார். என்கானு கால்களைப் பின்னுக்கு வீசி, எடையை அவர்மேல் போட்டு, முதுகுப் பக்கம் போய் அடித்தார். அந்தச் சில விநாடிகள் முந்தைய நாலு நாக் அவுட்களைவிடப் பெரிய ஆதாரம். இரண்டாவது ரவுண்டில் மியோசிச் வீழ்ந்தார். 2022 ஜனவரியில் சிரில் கான் எதிரில், முழங்கால் காயத்தோடு ஐந்து ரவுண்டும் நின்று, தானே எதிரியைக் கீழே சாய்த்துப் புள்ளியில் ஜெயித்தார். நாலு வருடம் முன்பு எதனால் தோற்றாரோ, அதை வைத்தே பட்டத்தைக் காத்தார்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்?

தோற்றது யாரிடம் என்பதைவிட எதனால் என்று முதலில் கேட்கணும். அந்தக் காரணம் பயிற்சியில் சரியாகக்கூடியதா, இல்லை வயதோடு கூடக்கூடியதா என்பது அடுத்த கேள்வி. 2018-இல் என்கானுவுக்கு 31 வயது, தொழிலுக்கு வந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. 2011-இல் ஃபெடோருக்கு 34, பின்னால் முப்பதுக்கு மேற்பட்ட சண்டைகள். மூன்றாவது, முந்தைய வெற்றிகளில் அதே ஓட்டை தெரிந்ததா? நான்காவது, அடுத்த சண்டை அந்த ஓட்டையைச் சோதித்ததா, இல்லை சுற்றிப்போனதா?

சூழ்நிலையையும் மறக்கக் கூடாது. 2015 ஜூனில் வெலாஸ்கஸ் கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே உள்ள மெக்சிகோ சிட்டியில் மூச்சுத் திணறி வெர்டூமிடம் பட்டத்தை இழந்தார். வெர்டூம் அந்த உயரத்துக்குப் பல வாரம் முன்பே போய்ப் பழகியிருந்தார். அந்தத் தோல்வியில் பாதி காற்றுடையது.

"முடிந்துவிட்டார்" என்ற சொல்லிலும் இரண்டு அர்த்தம் கலந்திருக்கிறது. உச்சிக்குத் திரும்ப முடியுமா என்பது ஒன்று. யாரையாவது ஜெயிக்க முடியுமா என்பது வேறு. ஹெண்டர்சனுக்குப் பிறகும் ஃபெடோர் ஜெயித்தார்: மான்சன், இஷீ, ரிஸ்ஸோ, ஓய்வு முடிந்து வந்தபின் 2018-இல் பிராங்க் மிர் 48 விநாடியில். ஆனால் 2019 ஜனவரியில் பெல்லட்டார் பட்டத்துக்காக நின்றபோது ரயன் பேடர் 35 விநாடியில் அவரை வீழ்த்தினார். 2023 பிப்ரவரியில் 46 வயதில் கடைசியாகக் களமிறங்கினார். எதிரில் மறுபடி பேடர். மறுபடி முதல் ரவுண்டு.

கணிப்பு தப்பினால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, பேச்சோடு போய்விடும். கூண்டுக்குள் போகிறவருக்கு அப்படியில்லை. ஒவ்வொரு நாக் அவுட்டும் மூளைக்கு விழும் காயம், அது வெற்றி தோல்விக் கணக்கில் வராது. திறமை மிச்சமிருந்த என்கானுவை "பலூன்" என்றது அநியாயம். தேய்மானம் தெரிந்த பிறகும் ஃபெடோரிடம் "இது விபத்து, அடுத்த தடவை பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது அதைவிடப் பெரிய அநியாயம். அந்த "அடுத்த தடவை"க்கான அடியை வாங்கியது அவர்தான்.