விடிந்தால் புளிக்கும் பண்டம்

சங்க இலக்கியத்தில் காவிரிப் படுகையின் குடவாசல் ஒரு குவளைத் தண்ணீரால் நினைக்கப்படுகிறது. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலம் தாழ்த்தி வந்ததால் அதைக் குடிக்காமலே உயிர்விட்டான் என்கிறது புறநானூறு 74ஆம் பாட்டின் குறிப்பு. இந்த வட்டாரத்தின் இன்னொரு பானமான கள்ளுக்கு அப்படியொரு கதை வாய்க்கவில்லை. சர்க்கரைச் சாற்றை வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல், தானே நொதிக்க விட்டு எடுப்பதை இன்று ‘இயற்கை ஒயின்’ என்று உலகம் கொண்டாடுகிறது. அதைக் காவிரிப் படுகையில் தேடுகிறவர் திராட்சைப் பந்தலைத் தேட வேண்டாம். நீர் தேங்கும் களிமண்ணும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அந்தக் கொடிக்கு ஆகாதவை. அதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறல் அரசனின் கிண்ணத்துக்குப் போனதைப் புறநானூறே சொல்கிறது. வரப்பில் நின்றவருக்குத் தென்னையும் பனையும்தான். பாளையைக் கட்டி, தட்டி, நாளும் மெல்லியதாகச் சீவி, கலயம் மாட்டினால் போதும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலையில் இனிப்பு, மாலையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து, மறுநாள் காடி.

கள்ளின் வரலாற்றை ஒழுக்கத்தின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். அதன் விதியைத் தீர்மானித்தது, கையிருப்பு வைக்க முடியாத அதன் குணமும், அதனால் அரசுக்கு எழுந்த கணக்குச் சிக்கலும்தான் என்பது என் கருத்து. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டபோது, அவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்று செப்பேட்டில் விதி எழுதப்பட்டது. பிராமணருக்கு நிலம் விட்ட பிரமதேயச் செப்பேடுகளிலும் இதே விதி வரும். ஆக, தடை பழையது, தர்மத்தைச் சார்ந்தது என்று வாதிடலாம். ஆனால் அக்கால வரிப் பட்டியல்களில் ‘ஈழம்பூட்சி’ என்று மரமேறிகள் மீதான ஓர் இறையும் இருக்கிறது. கள்ளை வெறுத்த அரசு அதற்கு வரி வாங்கியிருக்காது. தடை அந்தந்த நிலத்தின் மதிப்புக்கு இட்ட வேலி. வேலிக்கு வெளியே மரம் ஏறத்தான் செய்தார்கள். ஆங்கிலேயரின் 1886ஆம் ஆண்டு அப்காரி என்னும் மதுவரிச் சட்டக் காலத்திலும் கள்ளைக் கிடங்கில் வைத்து அளக்க வழியில்லை. எனவே மரத்தை எண்ணி மரவரி போட்டார்கள். சாராயமோ வடிசாலையிலிருந்து அளவோடு வந்தது. எது கணக்குப்பிள்ளைக்குத் தோதானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூலி கள்ளுக்கடையில் கரைந்ததையும், பண்ணையாள் வீட்டுப் பெண்கள் அதற்குக் கொடுத்த விலையையும் மறுக்க முடியாது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குக்கு அந்த நியாயம் இருந்தது. 1971இல் திறந்து, 1974இல் மூடி, 1981இல் மறுபடி திறந்த கடைகளில் கலப்படம் நடந்தது என்ற புகாரும் பொய்யல்ல. மரம் தருவதைவிட அதிகமாகக் கடையை ஏலத்தில் எடுத்தவன் விற்க வேண்டியிருந்தால் பானைக்குள் வேறெதுதான் போகும்? ஆனால் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் விழுந்த தடை, நூற்றுக்கு 42.8 பங்கு வீரியமுள்ள பிராந்தியைத் தொடவில்லை. 2003இல் அதன் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. குடிதான் குற்றம் என்றால் வீரியம் குறைந்தது முதலில் தண்டிக்கப்பட்டிருக்காது. புட்டி அடுக்கலாம், முத்திரை ஒட்டலாம், லாரியில் ஏற்றலாம்; கலயத்தோடு இதில் எதுவும் நடக்காது.

2017இல் தென்னையிலிருந்து நொதிக்காத பாளைச் சாறான நீரா இறக்க அரசு அனுமதி அளித்தது. மரம் அதே மரம், பாளையும் சீவும் கத்தியும் அதே. குளிர்ப்பெட்டியும் நொதிப்பைத் தடுக்கும் கரைசலும் மட்டும் புதிது. சட்டம் இப்போது மரமேறியைத் தடுக்கவில்லை. காற்றில் வரும் ஈஸ்டைத்தான் தடுக்கிறது.