ஆயுதத்திற்கு ஆசி தேடியவர்கள்



ஆயுதம் ஏந்துவோருக்குப் பணமும் வெடிமருந்தும் மட்டும் போதுவதில்லை. தாம் செய்யப்போவது பாவமன்று, கடமையே என்று கற்றறிந்த ஒருவர் சொல்லவும் வேண்டும். இதற்கான சான்று நம் ஜொகூர் மாநிலத்திலேயே உண்டு.

அப்துல்லா சுங்கார், அபு பக்கார் பஷீர் என்னும் இந்தோனேசியச் சமயப் போதகர் இருவர், சிறைத் தண்டனைக்குத் தப்பி 1985இல் மலேசியாவுக்கு வந்தனர். 1993இல் சுங்கார் ஜெமா இஸ்லாமியா இயக்கத்தைத் தோற்றுவித்தார். அவர்தம் சீடர்கள் உலு திராமில் லுக்மானுல் ஹக்கீம் என்ற சமயப் பள்ளியை நடத்தினர். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் அசஹாரி ஹுசேனும், அங்குப் பயின்ற நூர்டின் தோப்பும் அவ்வட்டத்தில் சேர்ந்தனர். இவர்களிடம் பட்டமிருந்தது, மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி இல்லை. ஒசாமா பின் லாடனும் ஆலிம் அல்லர். ஆயினும் 1998இல் அவர் வெளியிட்ட போர் அறிக்கை ஃபத்வாவின் வடிவிலேயே அமைந்தது.

2002 அக்டோபர் 12இல் பாலித் தீவில் குண்டுகள் வெடித்து 202 பேர் மாண்டனர். உலு திராம் பள்ளிக்குத் தலைமை வகித்திருந்த முக்லாஸுக்கு, இக்குற்றத்திற்காக 2008இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குண்டு வைத்தோருள் ஒருவர் முன்னரே பஷீரைச் சந்தித்து, பாலியில் ஒரு 'நிகழ்ச்சி' நடத்துவது பற்றிக் கேட்டதாகவும், அவர் முடிவை அவர்களிடமே விட்டதாகவும் கொண்டு, 2005இல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் முடிவு அதுவே. எனினும், அத்தகைய ஒரு கேள்வியை ஆசான் முன் வைக்க வேண்டிய தேவை எதனால் எழுந்தது என்று வரலாறு படிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை இஸ்லாத்தின் குறையாகக் கொள்வது பெரும் பிழையாகும். பயங்கரவாதம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று இந்தோனேசிய உலமா மன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 2003 முதல் ஆலிம்கள் தாமே முன்வந்து, தடுத்து வைக்கப்பட்டோருக்கு நல்வழி கூறி வருகின்றனர். 2024 ஜூன் 30இல் ஜெமா இஸ்லாமியா கலைக்கப்பட்டது. அதனை அறிவித்தவர்கள் அவ்வியக்கத்தின் மூத்த தலைவர்களும் அதன் பள்ளிகளை நடத்திய ஆசான்களுமே ஆவர்.

ஆசிரியர் சொல்லுக்கு மாணவர் மனத்தில் எத்துணை ஆற்றல் உண்டென்பதை நாம் அறிவோம். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும், பிள்ளைகள் யாரிடம் என்ன கற்கின்றனர் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். பிறர்க்குத் தீங்கு செய்யத் துணிவோர் நம்மிடம் ஒப்புதல் நாடி வந்தால், "உன் விருப்பம்" என்று விலகிச் செல்லாமல், "கூடாது" என்று தெளிவாகச் சொல்லுதல் ஆசிரியர் கடமை.