சூரிய சந்திரர் உள்ளவரை: சின்னமனூர்ச் செப்பேடும் கானான் தேசமும்

தேனியிலிருந்து கம்பம் போகும் வழியில் உள்ள சின்னமனூரை வாழைக்காகவும் நெல்லுக்காகவும் அறிந்தவர்கள்தான் அதிகம். வரலாறு படிப்பவர்களுக்கு அது ஒரு செப்பேட்டின் பெயர். பாண்டியர் காலத்தில் அளநாட்டைச் சேர்ந்த அரிகேசரிநல்லூர் இது. பெரிய சின்னமனூர்ச் செப்பேட்டை வெளியிட்டவன் இராசசிம்ம பாண்டியன் (சுமார் கி.பி. 900-920). விஷயம் என்னவோ எளிதுதான்: நற்செய்கைப்புத்தூர் என்ற ஊருக்கு மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயர் சூட்டி பிரம்மதேயமாகக் கொடுத்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் பாண்டியர் சந்திர குலத்தில் பிறந்தது, அகத்தியர் அவர்களுக்குப் புரோகிதராக இருந்தது, பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியது, மதுரையில் சங்கம் வைத்தது என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. இன்றைய பத்திரத்தில் மூலப்பத்திர விவரம் எழுதுவது போலத்தான். கொடுப்பவனுக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டுமே!

பைபிளில் அந்த மூலப்பத்திரம் கடவுள் ஆபிரகாமுடன் செய்த உடன்படிக்கை. கானான் தேசத்தை உன் சந்ததிக்குத் தருவேன் என்பது வாக்கு. யோசுவா புத்தகத்தின்படி கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டு நிலம் பிரிக்கப்பட்டது. லேவி கோத்திரத்துக்குத் தனிப் பங்கு இல்லை, 48 பட்டணங்கள் மட்டும். (இதெல்லாம் எழுதியபடியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.) முக்கியமான வித்தியாசம் லேவியராகமம் 25-இல் இருக்கிறது. நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் குடியிருப்பவர்கள். எனவே நிரந்தரமாக விற்க முடியாது. 50-ஆம் வருஷமான யூபிலியில் அது பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். ராஜாவுக்கும் இதில் விலக்கு இல்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் காசு கொடுத்தே கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் பொய் சாட்சி வைத்து நாபோத்தைக் கொன்றுதான் எடுக்க முடிந்தது.

பாண்டிய நாட்டில் தானம் செய்பவன் அரசன். அதனால் அரசு மாறினால் நிலமும் ஆட்டம் காணும். வேள்விக்குடிச் செப்பேடு இதற்கு நல்ல சாட்சி. முதுகுடுமிப் பெருவழுதி நற்கொற்றனுக்குக் கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோனது. பல நூற்றாண்டுகள் கழித்து, எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காமக்காணி நற்சிங்கன் என்பவர் அந்த வழியில் வந்த வாரிசாக நெடுஞ்சடையனிடம் முறையிட்டார். அரசன் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. நாட்டாரைக் கொண்டு பழைமையை நிரூபிக்கச் சொன்னான். நிரூபித்த பிறகுதான் ஊர் திரும்பியது. எண்ணாகமம் 27-இல் ஆண்பிள்ளை இல்லாத செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயிடம் தகப்பன் பங்கைக் கேட்டு நின்றதும் இதே மாதிரி வழக்குதான். அவர்களுக்கும் நிலம் கிடைத்தது. ஆனால் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்று பிறகு நிபந்தனை வந்தது. நிலம் கோத்திரம் தாண்டிவிடக் கூடாதாம்.

இரண்டு ஏற்பாட்டிலும் அதிகம் பேசாத ஒருவர் உண்டு: அந்த நிலத்தில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர். பாண்டியர் செப்பேடுகள் காராண்மை, மீயாட்சி என்று உழும் உரிமையையும் மேலுரிமையையும் பெயர் சொல்லியே பிரிக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் உழுதவனுக்கு என்ன மிச்சம்? கானானியர் நிலைமையும் அதுதான். ஆனாலும் எருசலேமிலிருந்த எபூசியரை யூதா கோத்திரத்தாரால் துரத்த முடியவில்லை என்று யோசுவா புத்தகமே ஒப்புக்கொள்கிறது.

நம் சாசனங்களில் தானம் சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதுவது வழக்கம். சங்கீதம் 89-லும் தாவீதின் சிங்காசனம் சூரிய சந்திரரைப் போல் நிலைக்கும் என்ற வாக்கு வருகிறது. அதே சங்கீதம் சில வரிகள் கழித்து கிரீடம் தரையில் தள்ளப்பட்டதே என்று கடவுளிடம் முறையிடுகிறது. இராசசிம்மன் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. முதலாம் பராந்தகச் சோழனிடம் தோற்று, இலங்கை உதவியும் பலிக்காமல், அங்கே ஓடினான். முடியையும் அரச சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். பராந்தகன் கேட்டும் இலங்கை அரசன் அவற்றைக் கொடுக்கவில்லை. சுமார் நூறு வருஷம் கழித்து, 1017 வாக்கில், இராசேந்திர சோழன் படையெடுத்துப் போய்த்தான் அந்த முடியை எடுத்து வந்தான்.