சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கு

சிட்டிசன்ஸ் யுனைடெட் எதிர் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜனவரி 21 அன்று தீர்ப்பளித்த வழக்கு. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் தாமாகவே செய்யும் தேர்தல் பரப்புரைச் செலவைத் தடைசெய்வது பேச்சுரிமைக்கு முரணானது என இத்தீர்ப்பு அறிவித்தது.

முன்வரலாறு

நிறுவனங்கள் கூட்டாட்சித் தேர்தலில் நன்கொடை அளிப்பதை 1907ஆம் ஆண்டின் டில்மன் சட்டம் தடுத்தது. 1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் தொழிற்சங்கங்களையும், வேட்பாளரைச் சாராத சுயேச்சைச் செலவையும் தடைக்குள் கொண்டுவந்தது. கொள்கை பரப்பவே தோன்றி, பங்குதாரர் இன்றி, வணிக நிறுவனப் பணத்தை ஏற்காத இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு 1986இல் உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. ஆயினும் வணிக நிறுவனங்கள் மீதான தடை செல்லும் என 1990இல் ஆஸ்டின் வழக்கில் கூறியது. தேர்தல் நெருங்கும் நாள்களில் வேட்பாளரைக் குறிப்பிடும் ஒளிபரப்புகளுக்கு நிறுவனங்கள் செலவிடுவதை 2002ஆம் ஆண்டின் மெக்கெய்ன்–ஃபைன்கோல்ட் சட்டம் தடுத்தது.

வழக்கும் தீர்ப்பும்

சிட்டிசன்ஸ் யுனைடெட் ஒரு பழமைவாத, இலாப நோக்கற்ற அமைப்பு. அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனைச் சாடி 2008இல் தான் வெளியிட்ட படத்தைக் கேபிள் தொலைக்காட்சியில் காட்ட அது விரும்பியது. வணிக நிறுவனங்களிடமும் சிறிதளவு பணம் பெற்றிருந்ததால் 1986ஆம் ஆண்டு விலக்கு அதற்குக் கிட்டவில்லை. விலக்கைச் சற்று விரித்தே வழக்கை முடித்திருக்கலாம். நீதிமன்றமோ 2009 செப்டம்பரில் மறுவாதம் கேட்டு, தடையையே ஆராய்ந்தது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு ஆஸ்டின் தீர்ப்பைத் தள்ளியது. பேசுபவர் நிறுவனம் என்பதற்காக அரசியல் பேச்சைத் தடுக்க முடியாது என்றது. பெரும்பணம் மக்களாட்சியைச் சிதைக்கும் என நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்டார். வேட்பாளருக்கு நிறுவனங்கள் நேரடியாக நன்கொடை தருவதற்கான தடை நீடித்தது. செலவு விவரத்தை வெளியிடும் கடமையை எட்டு நீதிபதிகள் ஏற்றனர்.

விளைவுகள்

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்பீச்நவ் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுயேச்சைச் செலவு மட்டுமே செய்யும் குழுக்களுக்கான நன்கொடை வரம்பை நீக்கியது. இவ்வாறு ‘சூப்பர் பேக்’ குழுக்கள் பிறந்தன. அவை கொடையாளர் பெயரை வெளியிட வேண்டும். இலாப நோக்கற்ற பல அமைப்புகளுக்கு அக்கட்டாயம் இல்லை. அவற்றின் வழியே பாயும் பெயரறியாப் பணம் ‘இருட்டுப் பணம்’ எனப்படுகிறது. தீர்ப்பை மாற்றும் அரசியல் சட்டத் திருத்தம் 2014இல் செனட்டில் நிறைவேறவில்லை. பேச்சைத் தடுப்பதற்கு மாற்றாக இத்தீர்ப்பு முன்வைத்த முக்கியப் பாதுகாப்பு வெளிப்படைத்தன்மை. பேசுவது யார் பணம் என்று வாக்காளருக்குத் தெரியாத இடத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.